அடைவும் அடைப்பும்

பிளம்பர் அந்தப் பள்ளிக்குள் நுழைந்தது அடைப்பு எடுக்கத்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது, ஏனென்றால் பள்ளியை நடத்தும் வாரியத்தின் ஆண்டு மலரில் வேறு மாதிரி போட்டிருக்கிறார்கள். தொலைநோக்குள்ள ஒரு பெற்றோரை வாரியம் வலைவீசித் தேடிக் கண்டெடுத்ததாம். வலையும் இல்லை, வீச்சும் இல்லை. பெற்றோர் சார்பில் ஒருவர் இல்லாமல் பள்ளி வாரியம் கூடக் கூடாது என்று சட்டம். இருந்த ஒருவர் கூட்டத்துக்குக் கூட்டம் உட்கார்ந்தபடியே தூங்கிக் கழுத்து சுளுக்கி விலகிவிட்டார். அலுவலகத்துப் பெண் பெற்றோர்களுக்கு வரிசையாகப் போன் போட்டுப் பார்த்ததில், எடுத்த முதல் ஆள் பிளம்பர். அந்நேரம் அவர் யாரோ ஒருவர் வீட்டுச் சமையலறைத் தொட்டிக்கு அடியில் தலையை விட்டுக்கொண்டு கிடந்தார்.

“ஸ்கூல்ல மாணவர் அடைவு ரொம்ப மோசமா இருக்கு. தலைவர் உங்களை உடனே வரச் சொல்றார்” என்றாள் அந்தப் பெண்.

பிள்ளைகள் படிப்பில் எவ்வளவு தேறியிருக்கிறார்கள் என்பதற்கு வாரியத்தார் வைத்திருக்கும் சொல் அடைவு. படிப்பு என்றால் எல்லோருக்கும் புரிந்துவிடுகிறது என்று அதைக் கைவிட்டுவிட்டார்கள். தொட்டிக்கு அடியில் கிடந்தவர் காதில் அது அடைப்பு என்று விழுந்தது. அவருக்கு ஆச்சரியம்கூட இல்லை. பள்ளிக்கூடத்துக் கழிப்பறைக் குழாய்க்குள் பிள்ளைகள் என்னென்ன திணிப்பார்கள் என்று அவர் தன் கையாலேயே எடுத்துப் பார்த்திருக்கிறார். அடைப்பு எடுக்கும் கம்பிச் சுருளைத் தோளில் மாட்டிக்கொண்டு, சாமான் பையோடு தலைவரின் அறைக்குப் போய் நின்றார்.

தலைவர் மெத்தைக் கடை வைத்திருப்பவர். பேச்சும் அப்படித்தான், எங்கே கைவைத்தாலும் உள்ளே போகும். கம்பிச் சுருளைப் பார்த்தார். உழைக்கும் வர்க்கம் என்று எண்ணிக்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை.

“எவ்வளவு நாளா இருக்கு சார்?” என்று பிளம்பர் ஆரம்பித்தார்.

“போன வாரியம் இருந்தப்பவே ஆரம்பிச்சது. நாங்க வந்துதான் கண்டுபிடிச்சோம்.”

“எந்தப் பக்கம்?”

“எல்லா வகுப்புலயும் இருக்கு. கீழ் வகுப்புலதான் ரொம்ப மோசம்.”

வகுப்பறைக்குள்ளேயே வந்துவிட்டதா என்று பிளம்பருக்குத் திக்கென்றது. ஆனாலும் தொழிலில் பழுத்தவர் என்பதால் முகத்தில் காட்டிக்கொள்ளவில்லை. “அது அப்படித்தான் சார், எல்லாம் கீழ போய்தான் தேங்கும். கீழ கையை விட்டு நோண்டுறது வீண் வேலை. மேல இருந்து நல்லா அழுத்தம் குடுத்தா தானா இறங்கிடும்” என்றார்.

தலைவர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். பிளம்பரின் அழுக்குக் கையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார். வகுப்பறையில் கைவைக்காமல் மேலிருந்தே எல்லாவற்றையும் சரிசெய்யும் தத்துவத்தைத்தான் தான் கூட்டத்துக்குக் கூட்டம் சொல்லி வருவதாகவும், இவ்வளவு சுருக்கமாகத் தனக்கே சொல்ல வந்ததில்லை என்றும் சொல்லிக் கண் கலங்கினார். அன்று மாலையே அந்த வாசகம் வாரியத்தின் கொள்கையாகச் சுவரில் ஏறியது. ‘மேலிருந்து அழுத்தம், கீழே மாற்றம்.’

அடைப்பு இல்லை, அடைவு என்று பிளம்பருக்குப் புரிந்தபோது வாரிய உறுப்பினர் படிவத்தையும் பேனாவையும் கையில் கொடுத்துவிட்டார்கள். உண்மையைச் சொல்லிவிட்டு ஓடிவந்திருக்கலாம். ஆனால் அவருடைய மகள் அதே பள்ளியில் மூன்றாம் வகுப்பு படிக்கிறாள். அவளுக்குப் படிக்க வரவில்லை. பிளம்பர் சொல்ல வந்ததை மென்று விழுங்கிவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

மகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். கெட்டிக்காரி. வாயைத் திறந்தால் எதிரில் நிற்பவர்கள் வழிவிட வேண்டும். தனித்தனி எழுத்தாகக் காட்டினால் சொல்லிவிடுவாள். கொம்பு வந்தால்தான் சிக்கல். எழுதும்போது முன்னால் நிற்கிறது, படிக்கும்போது பின்னால் வா என்கிறார்கள். இந்த அநியாயம் அவளுக்குப் புரியவே இல்லை. கொம்பைக் கண்டதும் அங்கேயே நின்றுவிடுவாள், அதற்கு அப்பால் ஒரு எழுத்துகூட நகராது. வகுப்பில் எல்லோரும் பக்கம் திருப்பும்போது அவளும் திருப்புவாள். இரண்டு வருடம் யாருக்கும் தெரியவில்லை.

கண்டுபிடித்தவர் வாசிப்பு டீச்சர். மாடியில், படி ஏறியதும் ஒரு சின்ன அறை, கதவு சாத்தும், மின்விசிறி சுற்றும். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு இப்படித் தேங்கி நிற்கும் பிள்ளைகளைக் கூட்டி வைத்துக்கொண்டு அந்த அம்மாள் ஒரு மணி நேரம் படிக்க வைப்பார். “கொம்பை விரலால மூடிக்கோ. இப்ப என்ன எழுத்து? க. சரி, விரலை எடு. இப்ப என்ன?” ஒரு நாள் மாலை கடைத்தெருவில் மகள் ஒரு பலகையின் முன் நின்று, விரலை நீட்டி நீட்டி, ‘கொசுவலை’ என்று படித்துவிட்டாள். அதில் சிரிக்க என்ன இருக்கிறதோ, வீடு வரும் வரை கொசு, கொசு என்று சொல்லிச் சிரித்துக்கொண்டே வந்தாள். பிளம்பருக்கும் அவர் மனைவிக்கும் அன்று சாப்பாடு இறங்கவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

அந்த வகுப்பு அடுத்த பருவம் தொடர வேண்டுமானால் வாரியம் ஓட்டுப்போட்டு அனுமதிக்க வேண்டும். மனைவி ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை செய்பவள், சுற்றி வளைத்துப் பேசத் தெரியாதவள். வாரியத்தில் எது போனாலும் இது ஒன்று போகக் கூடாது என்று சொல்லித்தான் புருஷனை அனுப்பினாள்.

முதல் கூட்டத்திலேயே பிளம்பர் அதைக் கேட்டார். பயிற்சி பெறாத உறுப்பினர் வாரியத்தில் பேசக் கூடாது, அது விதி என்று தலைவர் அன்பாகச் சொன்னார்.

“பேசறதுக்குப் பயிற்சியா?” என்றாள் மனைவி, அன்றிரவு வீட்டில். “நான் எந்தப் பயிற்சிக்குப் போய்ப் பேசக் கத்துக்கிட்டேன்?”

அதைத்தான் தினமும் பார்க்கிறேனே என்று பிளம்பர் மனதுக்குள் சொல்லிக்கொண்டார். சத்தமாகச் சொல்லும் பயிற்சி அவருக்கு இல்லை.

தலைமைப் பண்புப் பயிற்சி தொடங்கியது. பயிற்சி தர வந்த அம்மையார் எல்லோரையும் ‘தலைவர்களே’ என்றுதான் கூப்பிட்டார். தண்ணீர் வேண்டுமா என்று கேட்பதானாலும் தலைவர்களே. முதல் பாடம் நாற்காலி. ஊரார் உட்காருவார்கள், தலைவர்கள் அமர்வார்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை முதுகில் கொண்டுவர ஒரு முழு நாள் பிடித்தது. இரண்டாம் பாடம் பார்வை. வாரியம் பார்க்க வேண்டியது கொள்கையை, பிள்ளைகளை அல்ல. தாழ்வாரத்தில் பிள்ளை எதிரே வந்துவிட்டால் என்ன செய்வது? அதன் தலைக்கு மேலே இருக்கும் சுவரைப் பார்த்துப் புன்னகைக்க வேண்டும். பிளம்பர் இதில் இரண்டு முறை தவறினார், எதிரே வந்தது சொந்த மகள் என்பதால். அம்மையார் பெருந்தன்மையாக விட்டுவிட்டார்.

மூன்றாம் பாடத்தில் ஆராய்ச்சி வந்தது. திரையில் இரண்டு கோடுகள். ஒன்று வாரியத்தார் பெற்ற பயிற்சி, இன்னொன்று மாணவர் அடைவு. இது ஏற அதுவும் ஏறியது. வாரியம் பயிற்சி பெற்றால் பிள்ளைகள் படிப்பார்கள் என்று உலகமே ஒத்துக்கொண்டதாக அம்மையார் சொன்னார். மெத்தைக்கடைத் தலைவர் கைக்குட்டையால் கண்ணை ஒற்றிக்கொண்டார். இத்தனை காலம் பிள்ளைகள் ஏன் படிக்கவில்லை என்று அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது. தனக்குப் பயிற்சி போதவில்லை.

பிளம்பர் கையைத் தூக்கினார். “அம்மா, நாம இங்க உட்கார்ந்து, இல்ல, அமர்ந்து பயிற்சி எடுக்கறோம். அங்க மூணாம் வகுப்புல ஒரு பொண்ணு படிக்கணும். நடுவுல இது எது வழியா போகுதும்மா?”

“கசிவு” என்றார் அம்மையார். தலைமைப் பண்பு நிறையும்போது தானாகக் கசிந்து கீழே இறங்கும், யாரும் ஒன்றும் செய்ய வேண்டாம், செய்தால்தான் கெட்டுப்போகும் என்று விளக்கினார். எல்லோரும் எழுதிக்கொண்டார்கள். கசிவு என்று எவர் வாயிலிருந்து கேட்டாலும் எந்தச் சுவர் என்று கேட்டே பழகியவர் பிளம்பர். அன்று கேட்கவில்லை.

பயிற்சி ஏற ஏற அமைதியான அறை தேவைப்பட்டது. பள்ளியில் கதவு ஒழுங்காகச் சாத்தும் அறை ஒன்றுதான். வாசிப்பு டீச்சரை மிகுந்த மரியாதையோடு அங்கிருந்து கிளப்பினார்கள். வகுப்பு தாழ்வாரத்துக்கு வந்தது. பிள்ளைகள் எழுத்துக்கூட்டும் சத்தம் பயிற்சியைக் கெடுக்கிறது என்று தாழ்வாரத்திலிருந்து மாடிப்படிக்கு அடியில் போனது. அங்கேயும் சத்தம் மேலே ஏறி வந்ததால், தற்காலிகமாக நிறுத்தி வைக்கப்பட்டது. நிற்கும் ஆளை வீணாக்கக் கூடாது அல்லவா? டீச்சருக்கு விருந்தோம்பல் ஒருங்கிணைப்பாளர் என்று பதவி உயர்வு கொடுத்தார்கள். வாரியத்தாருக்குத் தேநீர் கொண்டுவருவது அந்தப் பதவியின் பொறுப்பு.

முதல் நாள் தட்டை நீட்டும்போது டீச்சர் பிளம்பரிடம் குனிந்து, “உங்க பொண்ணு ஒத்தைக் கொம்பு முடிச்சுட்டா. இன்னும் ரெட்டைக் கொம்பும், பெரிய சொல்லும்தான். இப்ப விட்டா எல்லாம் போயிடும்” என்றார். பிளம்பர் சுவரைப் பார்த்துப் புன்னகைத்தார். அனிச்சையாக வந்துவிட்டது. அதற்காக அவர் அன்று முழுவதும் வெட்கப்பட்டார் என்பதும் உண்மை, மறுநாள் வெட்கம் கொஞ்சம் குறைந்தது என்பதும் உண்மை.

அவருக்குப் பிடித்துப்போயிருந்தது. இதை மறைத்துப் பயனில்லை. பின்வாசல் வழியாக வரச் சொன்ன வீடுகளில் இப்போது முன்வாசலைத் திறந்துவிட்டார்கள். ஒரு வீட்டில் சோபாவில் உட்காரச் சொன்னார்கள், அவர் அமர்ந்தார். ஏரிக்கரை ஓட்டலில் தங்கிப் பெறும் பயிற்சிக்குப் போய்வந்தார். வாழ்க்கையில் முதல் முறையாக, குழாய் ஒழுகினால் தன்னைத் தவிர வேறு யாரையாவது கூப்பிடும் இடத்தில் குளித்தார். வீட்டிலும் பேச்சு மாறியது. சாப்பாட்டில் உப்பு அதிகம் என்று சொல்வதற்குப் பதிலாக, இதில் மேம்பாட்டுக்கு வாய்ப்பு இருக்கிறது என்றார். மனைவி தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

வகுப்பு என்னாயிற்று என்று அவள் கேட்கும்போதெல்லாம் பரிசீலனையில் இருக்கிறது என்று சொல்லிவைத்தார்.

பருவத் தேர்வு முடிவு வந்தது. அடைவு அதலபாதாளத்துக்குப் போயிருந்தது. தலைவர் அவசரக் கூட்டம் போட்டுப் பேசினார். அந்தப் பேச்சை அப்படியே தர வேண்டும், குறைத்தால் பாவம்.

“தலைவர்களே, சிலர் நம்மைக் குறை சொல்றாங்க. இந்த வருஷம் முழுக்க நம்மில் ஒருத்தர்கூட ஒரு வகுப்பறைக்குள்ள கால் வைக்கல. அவ்வளவு கட்டுப்பாடா இருந்திருக்கோம். ஒரு வாத்தியாரைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்டிருப்போமா? கிடையாது. இவ்வளவு பயிற்சி எடுத்துமே அடைவு இவ்வளவு விழுந்திருக்குன்னா, எடுக்காம இருந்திருந்தா எவ்வளவு விழுந்திருக்கும்னு நினைச்சுப் பாருங்க. எனக்கு உடம்பே நடுங்குது. நாம மட்டும் ஒழுங்கா தேறி என்ன பிரயோஜனம்? பிள்ளைங்க ஒத்துழைக்கல.”

கைதட்டல் ஓய்ந்ததும் பயிற்சி அம்மையார் வழி சொன்னார். வாரியமும் மாணவர்களும் ஒரே குடும்பம். அப்படியிருக்க மாணவர் மதிப்பெண்ணை மட்டும் எடுத்துச் சராசரி பார்ப்பது குடும்பத்தைப் பிரிக்கும் செயல். பயிற்சியின் முடிவில் வாரியத்தாரும் தேர்வு எழுதட்டும், இரண்டையும் கூட்டிச் சராசரி போடலாம். எழுதினார்கள். நல்ல தலைவர் யார் என்று ஒரு கேள்வி. நல்லவர், மிக நல்லவர், நம் தலைவர் என்று விடைகள் கொடுத்திருந்தார்கள். எல்லோரும் நூற்றுக்கு நூறு. அதுவும் போதாமல் போனதால், பெரியவர்கள் என்ற முறையில் வாரியத்தாரின் மதிப்பெண்ணுக்குக் கூடுதல் எடை கொடுத்தார்கள். அடைவு எகிறியது. வாரியத்தாரின் வீட்டுப் பிள்ளைகளுக்குக் கசிவு நேரடியாகக் கிடைப்பதால், அவர்கள் எல்லோரும் சரளமாக வாசிப்பவர்கள் என்று அறிவித்தார்கள்.

படிக்கத் தெரியாத பிள்ளைகள் இப்போது பள்ளியில் இல்லை என்பதால் வாசிப்பு வகுப்பை நிரந்தரமாக மூடலாம் என்ற தீர்மானம் அதே கூட்டத்தில் வந்தது.

பிளம்பர் எழுந்தார். “சார், இது மட்டும் வேண்டாம்னு...”

தலைவர் கையமர்த்தினார். “எதிர்ப்புப் பயிற்சி முடிச்சிட்டீங்களா?”

“அப்படி ஒண்ணு இருக்கா சார்?”

“நாலாம் நிலை. நீங்க மூணுதான் முடிச்சிருக்கீங்க. அதுவரைக்கும் உங்க எதிர்ப்பை நீங்களே வச்சுக்கணும். நாங்க வாங்கிக்க முடியாது.”

நாலாம் நிலை எப்போது என்று பிளம்பர் கேட்டார். அதைத் தொடங்க வேண்டாம் என்று போன கூட்டத்தில் ஒருமனதாக முடிவு செய்ததாகவும், அவரும் கை தூக்கியதாகவும் சொன்னார்கள். அவர் உட்கார்ந்தார். அமரவில்லை, உட்கார்ந்தார். கத்தியிருக்கலாம். மேசையைக் குத்தியிருக்கலாம். கதவைத் திறந்துகொண்டு போய் மனைவியைக் கூட்டி வந்திருக்கலாம், அவளுக்கு எந்த நிலையும் தேவையில்லை. முன்வாசல் வீடுகளை நினைத்துக்கொண்டாரோ என்னவோ, சும்மா இருந்தார். தீர்மானம் நிறைவேறியது. ஓரத்தில் நின்றிருந்த டீச்சர் காலிக் கோப்பைகளை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

அடைவு விழா என்று ஒன்று நடத்தினார்கள். மேடை, மாலை, ஒலிபெருக்கி, வாரியத்தாருக்கு மெத்தை தைத்த நாற்காலிகள். மனைவிக்குச் சலவைக்கூடத்தில் விடுப்புக் கிடைக்கவில்லை. கிடைக்காததில் பிளம்பருக்கு உள்ளுக்குள் நிம்மதிதான். மகளை அவர்தான் கூட்டி வந்தார். சரளமாக வாசிக்கும் பிள்ளைகளின் சார்பில் நன்றியுரை வாசிக்க வாரியம் அவளைத் தேர்ந்தெடுத்திருந்தது. அவருக்கு அது மேடைக்கு வந்த பிறகுதான் தெரிந்தது.

காகிதத்தைக் கையில் கொடுத்து ஒலிபெருக்கிக்கு முன்னால் நிறுத்தினார்கள். முதல் சொல் ‘பெருமதிப்பிற்குரிய’. எடுத்த எடுப்பிலேயே கொம்பு. மகள் காகிதத்தைப் பார்த்தாள். விரல் எழுந்து கொம்பை மூடியது. உதடு அசைந்தது. விரலை எடுத்தாள், மறுபடி மூடினாள். அடுத்த எழுத்து, அதற்கடுத்தது, சொல் நீண்டுகொண்டே போனது. அவள் நிமிர்ந்து அரங்கைப் பார்த்தாள். டீச்சரைத் தேடியிருக்க வேண்டும். டீச்சர் சமையற்கட்டில் இருந்தார்.

பின்வரிசையில் யாரோ இருமினார்கள். மகளின் காது மடல் சிவந்துவிட்டது. தலைவர் மெதுவாக எழுந்து ஒலிபெருக்கியைத் தன் பக்கம் திருப்பினார்.

“பாருங்க, கவனிச்சுப் பாருங்க. இதுதான் மௌன வாசிப்பு. வாசிப்புல இதுதான் கடைசி நிலை. பெரிய பெரிய அறிஞர்கள் இப்படித்தான் வாசிப்பாங்க. இந்த வயசுல இந்தக் குழந்தை அதை எட்டிடுச்சு. தயவுசெய்து யாரும் தொந்தரவு பண்ணாதீங்க, முடிக்கட்டும்.”

ஆகவே எல்லோரும் காத்திருந்தார்கள். பெற்றோர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு, ஒரு சிறுமி படிக்க முடியாமல் நிற்பதை மரியாதையோடு பார்த்தார்கள். வாசிப்பை மதித்து ஒருவர் தொப்பியைக் கழற்றினார். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். அழுகை கண்ணின் விளிம்பு வரை வந்துவிட்டது பிளம்பருக்குத் தெரிந்தது. இன்னும் ஒரு நிமிடம் அவளை அங்கே விட்டுவைக்க அவரால் முடியவில்லை. எழுந்து, அவளுக்குப் படிக்கத் தெரியாது, வகுப்பை மூடியவர்களில் நானும் ஒருவன் என்று சொல்ல வேண்டியதுதான் பாக்கி. வாயைத் திறந்தார். கைகள் இரண்டும் தாமாகச் சேர்ந்து தட்டின.

பக்கத்து நாற்காலி தட்டியது. பிறகு வரிசை முழுவதும், பிறகு அரங்கம் முழுவதும். சிலர் எழுந்து நின்று தட்டினார்கள். தலைவர் மகளின் தலையில் கைவைத்துச் சான்றிதழைக் கொடுத்தார். அவள் அதை வாங்கிக்கொண்டு இறங்கி வந்தாள்.

வீட்டுக்கு நடந்தார்கள். கடைத்தெருவில் அவள் எந்தப் பலகையின் முன்னாலும் நிற்கவில்லை. கொஞ்ச தூரம் போனதும், “நான் படிக்கவே இல்லையேப்பா. ஏன் கை தட்டினே?” என்றாள்.

“எல்லாரும் தட்டினாங்களேம்மா” என்றார் பிளம்பர்.

“இல்லப்பா” என்றாள் மகள். “நீ தட்டினதுக்கு அப்புறம்தான் அவங்க தட்டினாங்க.”